காவலன் யார் வீட்டுப் பிள்ளை?

ஊர் ஆநிரையைக் கவர்ந்து சென்றோரைத் தொடர்ந்துபோய்ப் பொருது, மாட்டை மீட்டுக் கொடுத்துவிட்டுத் தான் மீளாமற்போன வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் பீடையும் பொறித்து, பீலி சூட்டிப் படையலிட்டு வழிபட்ட வழக்கம் தமிழகத்தில் எத்துணைப் பழமையும் உறுதியும் வாய்ந்தது என்பதைச் செங்கம் வட்டாரத்து நடுகற்களைக் கண்டவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியர் அந்தச் சடங்கைத் துறைதுறையாக வகுத்திருப்பதைப் பார்க்கும்போது, காவலில் மடிந்தவனுக்குத் துக்கம் அனுஷ்டிப்பதைத் தமிழர் ஒரு சாஸ்திரமாகவே வைத்திருந்தார்கள் என்று கூறத் தோன்றுகிறது. ஆயினும் அந்தக் கல்லைப் பற்றிய ஒரு விஷயத்தை நாம் சாதாரணமாக மறந்துவிடுகிறோம். கல்லில் நிற்பவன் அந்த ஊர்க்காரன். அவன் மீட்ட மாடு அவனுடைய சுற்றத்தாரின் மாடு. அவனுக்காக அழுதவர்கள், அவன் பிறந்த நாள் முதல் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள். சம்பளத்துக்குக் காவல் செய்பவன், வேற்றூரான், வேற்றுமொழிக்காரன், தம்மை அடக்குவதற்கென்றே சர்க்கார் தருவித்து வைத்திருக்கும் ஆள் என்று ஜனங்கள் எண்ணுகிற ஒருவன் பணியில் மடிந்தால், அவனுக்குக் கல் நடுவது யார்?

இந்தக் கேள்வியை ஆராய்வதற்குச் சிங்கப்பூரைப் போல் வசதியான இடம் எளிதில் அகப்படாது. தீவு சிறியது, அங்கே பணியில் கொல்லப்பட்ட போலீசாரின் தொகை, பெரிய தேசங்களோடு ஒப்பிட, மிகச் சொற்பம், ஆகவே ஒவ்வொரு மரணமும் கூட்டத்தில் கரைந்துவிடாமல் தனியே நின்று தன் காலத்தைப் பற்றிப் பேசுகிறது. அந்த மரணங்களை வரிசையாக வைத்துப் பார்த்ததில், துக்கத்தின் அளவைத் தீர்மானித்தது கொலையின் கொடூரமுமன்று, மாண்டவரின் பதவியுமன்று, அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று ஜனங்கள் கருதினார்கள் என்பதே என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

ராபிள்ஸ் வந்திறங்கிய 1819-க்கு மறு வருஷமே, 1820-இல், சிங்கப்பூரில் ஒரு சிறு போலீஸ் படை ஏற்பட்டது. ரெசிடென்ட் பர்க்குவாரின் மருமகன் பிரான்சிஸ் ஜேம்ஸ் பெர்னார்டு அதன் தலைவர். அவருக்குக் கீழே ஓர் எழுத்தர், ஒரு சிறைக்காவலர், ஒரு ஜமேதார், சில பியூன்கள் என்று ஏறக்குறைய ஒரு டஜன் ஆட்கள். 1857-இல் தாமஸ் டன்மன் முதல் கமிஷனராக அமர்ந்தபோது படை பெருகியிருந்தது. ஆனால் அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் மலாய்க்காரரும், சென்னைக் கரையிலிருந்து போன நம்மவரும், இதர இந்தியருமே. நகரத்து ஜனத்தொகையில் பெரும்பான்மையான சீனர்கள் அதில் அநேகமாக இல்லை. சீனரின் இரகசியச் சங்கங்களைக் கண்டு சர்க்கார் அஞ்சியதும், அச்சங்கங்களுக்குக் கட்டுப்பட்ட சமூகத்திலிருந்து ஆளெடுத்தால் உளவு வெளியேறிவிடும் என்று சந்தேகித்ததும் அதற்குக் காரணங்கள். இருப்பவர்களும் போதாதென்று 1881-இல் பஞ்சாபிலிருந்து சீக்கியர்களை வரவழைத்துத் தனிப் பிரிவாக அமைத்தார்கள். ஊராரோடு பேச்சும் உறவும் இல்லாதவன், அவர்களுடைய சண்டையில் பக்கம் சேர மாட்டாதவன், உத்தரவு வந்தால் தயங்காமல் தடியெடுப்பவன் என்ற கணக்கில், அந்நியனாயிருப்பதே காவலனுக்கு முதல் தகுதி என்றாயிற்று. உலக யுத்தத்துக்குப் பிறகு சீக்கியப் பிரிவு கலைக்கப்பட்டு 1949-இல் நேபாளத்துக் கூர்க்கர்கள் வந்தார்கள். ஆள் மாறினாலும் தத்துவம் மாறவில்லை. இத்தகைய படையில் ஒருவன் கடமையில் மடிந்தால் அவனுக்கான அழுகை பாசறையோடும் தன் இனத்தோடும் நின்றுவிடுமேயன்றி, தெருவுக்கு வருவதற்கு வழியே இல்லை. மாத்தாவை, அதாவது போலீஸ்காரனைக், கண்டால் ஒதுங்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த தெரு அது.

அந்நியக் காவலன் என்ற ஏற்பாட்டின் பலவீனம் 1950 டிசம்பரில் வெளிப்பட்டது. டச்சுப் பெற்றோருக்குப் பிறந்து, யுத்த காலத்தில் மலாய் வளர்ப்புத் தாயிடம் முஸ்லிம் பெண்ணாக வளர்ந்த மரியா ஹெர்டோக் என்ற சிறுமியைப் பெற்ற தாயிடமே ஒப்படைக்க வேண்டுமென்று நீதிமன்றம் தீர்ப்பளித்ததை அடுத்து, டிசம்பர் 11-ஆம் தேதி தொடங்கி மூன்று நாட்கள் நடந்த கலவரத்தில் 18 பேர் மாண்டார்கள். அவர்களுள் இருவர் போலீசார். கலகக்காரர்களின் சமயத்தையும் மனப்போக்கையும் பகிர்ந்துகொண்ட மலாய்க் காவலர் பலர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள் என்பதும், கூர்க்கர்களை வேளைக்குப் பயன்படுத்தாமல் விலக்கிக்கொண்டார்கள் என்பதும் பிறகு நடந்த விசாரணையில் பேசப்பட்டவை. சர்க்காருக்கு விசுவாசமாக நின்று மடிந்தவனும், சமூகத்துக்கு விசுவாசமாகக் கைகட்டி நின்றவனும் ஒரே சீருடையில் இருந்தார்கள். அன்றைய ஜனங்கள் தங்களவன் என்று எண்ணியது இவர்களில் எவனை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஐந்தாண்டுகளுக்குப் பிறகு நடந்த ஹாக் லீ பஸ் கலவரம் இதைக் காட்டிலும் நுட்பமான பாடம் உடையது; அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். அலெக்சாண்டிரா வட்டாரத்தில் ஹாக் லீ பஸ் கம்பெனியின் தொழிலாளர்கள் 1955 ஏப்ரலில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பொங் ஸ்வீ சுவான் அவர்களுடைய தொழிற்சங்கத் தலைவர். சீன உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் கூட்டங்கூட்டமாக வந்து பாட்டுப் பாடியும் உணவு கொண்டுவந்து கொடுத்தும் அவர்களை உற்சாகப்படுத்தினார்கள். டேவிட் மார்ஷல் முதலமைச்சராகி ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. மே 12-ஆம் தேதி போலீசார் தண்ணீர்ப் பீரங்கியும் கண்ணீர்ப்புகையும் கொண்டு கூட்டத்தைக் கலைக்க முற்பட்டபோது வெடித்த கலவரம் இரவெல்லாம் நீடித்து, நான்கு உயிர்களைக் கொண்டது. ஒருவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜீன் சைமண்ட்ஸ். ஒருவன் பதினாறு வயது மாணவன். மற்ற இருவர் போலீசார்: துப்பறியும் காவலர் யூன் யாவ் பாங் ஒருவர், தொண்டூழியச் சிறப்புக் காவற்படையைச் சேர்ந்த ஆண்ட்ரூ தியோ மற்றவர். தியோவைக் கூட்டம் அடித்தே கொன்றது.

குண்டடிபட்ட அந்த மாணவனைக் கூட்டத்தார் நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல், வண்டியில் கிடத்திப் பல மணி நேரம் வீதிவீதியாகச் சுற்றிக் காட்டினார்கள் என்பது அக்காலத்துப் பதிவு. உடனே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பானோ என்னவோ! துக்கம் அங்கே மரித்தவனுக்காக இருந்ததைவிட, மரணத்தால் கிடைத்த கோபத்துக்காகவே அதிகம் இருந்தது. அதே இரவில் செத்த போலீசார் இருவரும் அதே சீன சமூகத்தில் பிறந்தவர்கள். அவர்களில் ஒருவர் சம்பளத்துக்கு வந்தவர்கூட அல்லர், 1946-இல் ஏற்பட்ட தொண்டூழியப் படையில் ஓய்வு நேரத்தில் ஊழியம் செய்த குடிமகன். பிறப்பினால் ஊர்ப்பிள்ளையாக இருந்தும் அவர்களை ஊர்ப்பிள்ளைகளாக அந்தத் தெரு காணவில்லை. ஏனென்று கேட்டால், அவர்கள் தாமாகவே சீருடையைத் தேர்ந்துகொண்டவர்கள் என்பதே பதிலாக இருக்க முடியும். குடியேற்ற ஆட்சியில் சீருடையைத் தேர்ந்தவன் பக்கத்தையும் தேர்ந்தவனாகிறான். பக்கத்தைத் தேர்ந்தவனுக்கு அந்தப் பக்கத்தார் அழுவார்கள், எதிர்ப்பக்கத்தார் அழமாட்டார்கள். தியோவின் குடும்பத்தார் அழுத அழுகைக்கு என்ன குறை? நான் சொல்வது வாசற்படிக்கு வெளியே உள்ள துக்கத்தைப் பற்றி.

1959 ஜூன் 3-ஆம் தேதி சிங்கப்பூர் உள்நாட்டுச் சுயாட்சி பெற்றது. அந்தத் தேதியையே சிங்கப்பூர்ப் போலீஸ் படை இன்றளவும் தன் தினமாகக் கொண்டாடி அணிவகுக்கிறது; 1820-இல் பிறந்த படை தன் பிறந்தநாளை விட்டுவிட்டு, எஜமானர் மாறிய நாளைக் கொண்டாடுகிறதென்றால் அதன் தாத்பரியம் வெளிப்படையானது. முடியின் ஆளாக இருந்தவன் அன்றுமுதல் குடியின் ஆள் என்பதுதான் அது. ஆனால் அத்தகைய மாற்றத்தைப் பிரகடனத்தால் மட்டும் ஜனங்களின் நெஞ்சில் ஏற்றிவிட முடியுமா? நான்காண்டு கழித்து நடந்த சம்பவம் ஒன்று, போலீசாரைப் பற்றியதன்றாயினும், இங்கே நினைக்கத் தக்கது. இரகசியச் சங்கக் கைதிகளை உடலுழைப்பால் திருத்தலாம் என்ற நம்பிக்கையோடு 1960-இல் தென்கடலிலுள்ள புலாவ் செனாங் தீவில் ஒரு குடியிருப்பு தொடங்கினார்கள். அதன் கண்காணிப்பாளர் டேனியல் டட்டன் அந்த நம்பிக்கையில் ஒரு பக்தரைப் போல ஊறியவர். 1963 ஜூலை 12-ஆம் தேதி கைதிகள் கிளர்ந்தெழுந்து தாங்கள் கட்டிய கட்டடங்களைத் தாங்களே கொளுத்தி, டட்டனையும் அவருக்குக் கீழிருந்த மூவரையும் கொன்றார்கள். மூவரில் ஒருவர் ஆறுமுகம் வீரசிங்கம். நீண்ட விசாரணைக்குப் பின் 1965 அக்டோபர் 29-இல் பதினெட்டுப் பேர் ஒருசேரத் தூக்கிலிடப்பட்டார்கள். இந்தக் கதையைச் சொல்லும் எவரும் டட்டனைச் சொல்கிறார்கள், பதினெட்டுத் தூக்குகளைச் சொல்கிறார்கள். வீரசிங்கத்தின் பெயரை, தமிழர் கூடும் சிராங்கூன் சாலையில் இன்று யாரிடம் கேட்டாலும் தெரியுமென்று எனக்குத் தோன்றவில்லை. தமிழ்ப் பெயர் தாங்கிய ஒருவர் கடமையில் மாண்டும் தமிழர் நினைவில் தங்காமற்போனது வருந்தத்தக்கது.

அறுபதுகளின் பிற்பகுதியும் எழுபதுகளும் துப்பாக்கிக் கொள்ளைக்காரர்களின் காலம். 1968-இல் கார்ப்பொரல் கோ சோங் தாய் என்பவரைச் சுட்டுக் கொன்ற லிம் பான் லிம், 1972 நவம்பரில் மார்கரெட் டிரைவில் போலீசாரின் குண்டுக்கு இரையானான். 1973-இல் வந்த ஆயுதக் குற்றச் சட்டம், ஆளைக் காயப்படுத்தும் கருத்தோடு துப்பாக்கியை இயக்கினாலே, எவர் மீதும் குண்டு படாவிடினும், மரணதண்டனை என்று விதித்தது. அக்காலத்துத் துக்கம் சட்டத்தின் வடிவில் வெளிப்பட்டது.

இனி, என் வாதத்துக்கு நடுவானது என்று நான் கருதும் மரணத்துக்கு வருகிறேன். 1967-இல் கட்டாயத் தேசிய சேவை வந்தது. 1975 முதல் முழுநேரத் தேசிய சேவையாளர்களைப் போலீஸ் படையிலும் சேர்த்து, முக்கிய இடங்களின் வாயிலில் காவல் நிற்க வைத்தார்கள். பதினெட்டு வயது ஆன ஆண்பிள்ளை எவனாயினும், சீனனோ மலாய்க்காரனோ தமிழனோ, கடிதம் வந்தால் போய்ச் சேர வேண்டியதுதான். கலியாண வீடுகளில் இரண்டு தமிழ்த் தாய்மார் சந்தித்தால், "உங்க பையன் என்எஸ் போயிட்டானா? ஆர்மியா, போலீசா?" என்ற விசாரிப்பு, "படிக்கிறானா?" என்பதற்கு அடுத்தபடியாக வந்துவிடுகிற அளவுக்கு அது குடும்ப வாழ்க்கையின் பகுதியாயிற்று.

1978 ஏப்ரல் 25-ஆம் தேதி, மவுண்ட் வெர்னனில் இருந்த போலீஸ் ரிசர்வ் படை முகாமின் காவற்கூண்டில் நின்றிருந்த லீ கிம் லாய் என்ற பதினெட்டு வயதுத் தேசிய சேவைக் காவலனை மூன்று வாலிபர்கள் கடத்திக்கொண்டு போய்க் கத்தியால் குத்திக் கொன்றார்கள். அவர்கள் வேண்டியது அவனுடைய ரிவால்வர். அதைக் கொண்டு கொள்ளையடிக்கலாம் என்பது எண்ணம். கடத்தலுக்கு ஒரு வாகனம் வேண்டியிருந்ததால், முதிய டாக்சி ஓட்டுநர் ஒருவரையும் கொன்று அவர் வண்டியைக் கைப்பற்றியிருந்தார்கள். அந்த வண்டியிலேயே லீயின் உடல் கிடந்தது. மூவரும் பிடிபட்டு, ஏறத்தாழ ஆறாண்டுகளுக்குப் பின், 1984 பிப்ரவரி 24-இல் தூக்கிலிடப்பட்டார்கள்.

அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மவுண்ட் வெர்னன் என்றால் அக்காலத்துச் சிங்கப்பூரருக்கு முதலில் ஞாபகம் வருவது போலீஸ் முகாம் அன்று, 1962 முதல் அங்கே இயங்கிய தகனச் சாலை. அருகிலேயே பிடாடாரி மயானம். கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து என்று தீவின் பல மதத்தாரும் தத்தம் பகுதியில் துயின்ற இடம். பிரேத ஊர்வலங்கள் நாள்தோறும் கடந்துபோகிற அந்த மேட்டில், துப்பாக்கியோடு தனியே நின்றவன் பள்ளிக்கூடம் விட்டு வெகுநாள் ஆகாத பையன். கூர்க்கர் பாசறையும் அதே மவுண்ட் வெர்னனில்தான் இருந்தது. சர்க்கார் நூறாண்டாக நம்பியிருந்த அந்நியக் காவலனின் முகாமும், புதிதாகச் சேர்ந்த ஊர்ப்பையனின் காவற்கூண்டும் ஒரே குன்றில் இருந்தன.

பதினெட்டு வயதுப் பிள்ளை போனால் சீனர் வீட்டில் என்ன நடக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த மரணத்தின் கனம் விளங்கும். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் தார்ப்பாய் கட்டி, வட்ட மேஜைகளைப் போட்டு, வந்தவர்களுக்கு வேர்க்கடலையும் இனிப்பும் வைத்து, தீட்டுக் கழிய வீடு திரும்பும் வழியில் அவிழ்த்தெறியச் சிவப்பு நூலும் கொடுத்து, நாட்கணக்கில் இரவெல்லாம் விழித்திருந்து சடங்கு நடத்துவது அவர்கள் முறை. பெட்டிக்கு முன்னே மரித்தவரின் படம், ஊதுவத்தி, சோற்றுக் கிண்ணம். பிள்ளைகள் மண்டியிட்டு வணங்குவார்கள். ஆனால் மரித்தவன் பெற்றோருக்கு முந்திப் போனவனானால், தாயும் தந்தையும் அவனை வணங்குவதில்லை. இடுகாட்டுக்கோ தகனச் சாலைக்கோ உடன்போவதும் பல குடும்பங்களில் விலக்கு. நரைத்த தலை கறுத்த தலையை வழியனுப்பும்படி ஆகக் கூடாதென்பது அவர்களிடையே வழங்கும் பேச்சு. எல்லோரும் எழுந்து பின்தொடர, பெற்றவள் மட்டும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். தசரதனுடைய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்குப் புத்திர சோகம் இன்னதென்று புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. அண்டை வீட்டுத் தமிழ்க் குடும்பமும் மலாய்க் குடும்பமும் பாஷை புரியாமலே அந்தப் பந்தலில் வந்து உட்கார்ந்துபோவதற்கு அந்தச் சோகம் ஒன்றே போதுமானது.

லீ கிம் லாய் சீருடையைத் தேர்ந்துகொண்டவன் அல்லன். சட்டம் அழைத்ததால் போனவன். தியோவுக்கு இல்லாதிருந்த ஒன்று அவனுக்கு இதனாலேயே கிடைத்தது. அவனைச் சர்க்கார் ஆள் என்று ஒதுக்க ஒருவராலும் இயலாது. ஏனெனில் அந்தக் கூண்டில் நாளை நிற்கப் போகிறவன் தம் வீட்டுப் பையன். தியாகம் தானே விரும்பிச் செய்யும்போதுதான் உயர்ந்தது என்று நூல்கள் கூறும். ஆனால் ஒரு சமூகத்தின் துக்கத்தைப் பொதுவாக்கியது, விருப்பமின்மையும் கடமையும் கலந்த இந்த நிலைமையே என்று நான் நினைக்கிறேன். அன்றிரவு மாண்ட டாக்சி ஓட்டுநருக்கும் வீடும் மனைவி மக்களும் இருந்திருப்பார்கள். ஆயினும் அந்த வழக்கு இன்றளவும் நினைக்கப்படுவது பெரிதும் காவலனின் பெயரால்தான். கடமையில் மடிவதற்கும் வயிற்றுப்பாட்டில் மடிவதற்கும் உலகம் வைத்திருக்கும் இந்தத் தாரதம்மியம் முழுதும் நியாயமானதா என்பதில் எனக்குச் சந்தேகமுண்டு.

பிறகு 1983-இல் ஜப்பானிய முறையைத் தழுவி, தோ பாயோவில் தொடங்கி, குடியிருப்புகளின் நடுவே சிறு சிறு போலீஸ் சாவடிகளை அமைத்தார்கள். புளோக்கின் அடியில், மளிகைக் கடைக்கும் கிளினிக்குக்கும் அருகே, முகந்தெரிந்த போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். 1985-இல் துப்பறிவாளர் கோ ஆ கியா, 1994-இல் சார்ஜண்ட் பூ தியாங் ஹுவாட் ஆகியோர் கடமையில் கொல்லப்பட்டபோது, கொலையாளியைப் பாதுகாக்கவோ மெச்சவோ ஒரு தெருவும் இல்லை என்பதை, 1955-ஐ நினைவில் வைத்துப் பார்த்தால், சாமானியமான மாறுதல் என்று சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. அங்கே போலீஸ்காரன் எப்போதுமே ஊர்ப்பிள்ளைதான். கிராமத்தில் பிறந்து, ஓட்டப்பந்தயத்திலும் கயிறு ஏறுவதிலும் தேறி, குடும்பத்தின் முதல் சர்க்கார் சம்பளத்தை வாங்கி வந்தவன். 2020 ஜனவரி 8-ஆம் தேதி களியக்காவிளைச் சோதனைச் சாவடியில், ஓய்வு பெறும் வயதை நெருங்கிய சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டபோது குமரி மாவட்டமே திரண்டு அழுதது. 2021 நவம்பர் 21-ஆம் தேதி விடியுமுன்னே, திருச்சி நவல்பட்டு நிலையத்துச் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், ஆடு திருடிக்கொண்டு போனவர்களை மோட்டார் சைக்கிளில் தனியே துரத்திச் சென்று, புதுக்கோட்டை எல்லையருகே அவர்களைப் பிடித்த இடத்தில் வெட்டுண்டு மாண்டார். ஆநிரை மீட்கையில் பட்ட வீரனுக்கு நடப்பட்ட செங்கத்துக் கல்லுக்கும் இந்தச் சம்பவத்துக்கும் இடையே ஆயிரத்துக்கு மேற்பட்ட வருஷங்கள் ஓடியிருந்தாலும், களவும் மீட்பும் சாவும் ஒன்றாகவே இருக்கின்றன. கல்லுக்குப் பதிலாகப் போலீஸ் மரியாதையும், ஒரு கோடி ரூபாய் நிதியும், வாரிசுக்கு வேலையும், ஆண்டுதோறும் அக்டோபர் 21-இல் மெரினாக் கடற்கரைக்கு எதிரே டிஜிபி அலுவலகத்து நினைவுத் தூணில் மலர்வளையமும். அந்தத் தேதி 1959-இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனத் துருப்புகளால் கொல்லப்பட்ட பத்துக் காவலர்களின் நினைவாக ஏற்பட்டது.

ஆனால் வில்சனுக்கு அழுத அதே 2020-இல், ஜூன் மாதத்தில், சாத்தான்குளம் போலீஸ் நிலையத்தில் அடிபட்ட வியாபாரியும் அவர் மகனும் மாண்டபோது அதே தென் மாவட்டங்கள் கொதித்தெழுந்ததையும் மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஒருவனைத் தம் பிள்ளையென்று அழுகிற ஜனங்கள், ஆறு மாதத்துக்குள் அதே காக்கிச் சட்டையைச் சபிக்கிறார்கள். இதை முரண் என்று நான் கருதவில்லை. ஊர்ப்பிள்ளையிடம்தான் ஊர் நியாயம் எதிர்பார்க்கும். கூலிக்கு வந்த அந்நியனிடம் அதை யார் எதிர்பார்ப்பார்கள்?

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவின் ஞாயிற்றுக்கிழமை இரவொன்று இந்த ஆராய்ச்சியை வேறொரு திசைக்குத் திருப்புகிறது. அங்குள்ள தேக்கா, ஒருகாலத்தில் மாட்டுக்கொட்டில்களும் மாட்டு வியாபாரமும் நிறைந்திருந்த வட்டாரம். எருமைச் சாலை என்ற பெயர் இன்றும் அங்கே உண்டு. வாரம் முழுதும் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் தமிழகத்துத் தொழிலாளர்கள், ஞாயிறு மாலையில் பணம் அனுப்பவும், ஊர்க்காரர்களைக் காணவும், காய்கறி வாங்கவும், வாழையிலைச் சோறு உண்ணவும், புல்தரையில் உட்கார்ந்து பேசவும் அங்கே ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். 2013 டிசம்பர் 8-ஆம் தேதி இரவு ஒன்பதரை மணிக்குச் சற்று முன்னர், ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில், தொழிலாளர்களை விடுதிக்குக் கொண்டுபோகும் தனியார் பஸ் ஒன்றின் அடியில் சிக்கி, முப்பத்து மூன்று வயதுத் தமிழகத் தொழிலாளி ஒருவர் மாண்டார். சக்கரத்தின் கீழே உடல் கிடக்க, உதவிக்கு வந்தவர்கள் பஸ் ஓட்டுநரையும் நேரக்காப்பாளரையும் காப்பாற்றுவதில் முனைந்திருப்பதாகக் கூட்டத்துக்குத் தோன்றிற்று. கல்லும் பாட்டிலும் பறந்தன. ஏறக்குறைய முந்நூறு பேர் சம்பந்தப்பட்ட அந்தக் கலவரத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட அதிகாரிகள் காயமுற்றார்கள். இருபதுக்கு மேற்பட்ட அவசரச் சேவை வாகனங்கள் சேதமுற்று, அவற்றுட் சில தீக்கிரையாயின. 1969-க்குப் பின் அந்நாடு காணாத கலவரம் அது. போலீசார் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. போலீசாரில் ஒருவரும் சாகவுமில்லை.

துக்கப்பட வேண்டிய காவலன் ஒருவரும் இல்லாத இந்தச் சம்பவத்தை இங்கே நான் சேர்ப்பதற்குக் காரணம், கூட்டத்தின் கோபத்துக்கு அடியில் இருந்ததும் ஒரு துக்கமே என்பதுதான். ஓய்வு பெற்ற நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, 2014-இல் தந்த அறிக்கையில், தொழிலாளரின் வாழ்க்கைக் குறைகள் கலவரத்துக்குக் காரணமல்ல என்றும், விபத்தும், மீட்புப்பணி பற்றிய தப்பெண்ணமும், மதுவும் சேர்ந்ததே காரணம் என்றும் முடிவு கட்டியது. அந்த முடிவை மறுக்கும் நோக்கம் எனக்கில்லை. ஆனால் தப்பெண்ணம் அத்தனை விரைவாக ஏன் பற்றிக்கொண்டது என்பது என் பொருளுக்கு நெருங்கிய கேள்வி. கூட்டத்திலிருந்தவர்களுக்கு அந்தத் தீவின் போலீசார் யாருடைய பிள்ளைகளும் அல்லர். தேசிய சேவை ஊராரையும் காவலரையும் ஒரு குடும்பமாக்கியது உண்மையே. ஆனால் அந்தக் குடும்பத்தில் தொழிலாளிக்கு இடம் இல்லை. அவனுக்குச் சிங்கப்பூர்ப் போலீஸ்காரர், 1955-இன் சீன மாணவனுக்கு இருந்ததைப் போலவே, எஜமானர் பக்கத்து ஆள். எதிர்ப்புறத்திலிருந்து நோக்கினாலும் அப்படியே: நகரத்துக் காவலருக்கு அந்தக் கூட்டம் ஞாயிறுதோறும் வந்துபோகும் அந்நியர் கூட்டம். கமிஷனர் ங் ஜூ ஹீ அந்தக் குழுவின் முன்னே, லிட்டில் இந்தியாவைவிடக் கேலாங் வட்டாரமே தமக்கு அதிகக் கவலை தருவது என்றும், படைக்கு மேலும் ஆயிரம் ஆட்கள் வேண்டுமென்றும் சாட்சியமளித்தார்.

அந்த ஆட்கள் எங்கிருந்து வருவது? தீவில் பிள்ளைகள் குறைவு. ஞாயிறுதோறும் லிட்டில் இந்தியாவில் ரோந்து சுற்றுகிறவர்களில் பலர் துணைக் காவற்படையினர். தனியார் நிறுவனங்களின் கீழ் உத்தியோகம் பார்ப்பவர்கள். அவர்களிற் கணிசமானோர் மலேசியர். 2017 முதல் தைவானிலிருந்தும் ஆளெடுத்தார்கள். அண்மையில் சீனா, இந்தியா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்தும் எடுக்க அனுமதி வந்திருக்கிறது. சென்னைக் கரையிலிருந்து பியூன்களை வரவழைத்த காலத்துக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து, சம்பளத்துக்குக் கடல் கடந்து வரும் காவலன் மறுபடியும் சிராங்கூன் சாலையில் நிற்கிறான். அவனுக்குப் புளோக்கில் வீடில்லை, கீழ்த்தளத்தில் பந்தலிட அண்டை வீட்டாரும் இல்லை. அவன் எதிரே நிற்கும் கூட்டத்தில் அவன் ஊர்க்காரனே இருந்தாலும் இருக்கக்கூடும்.